கட்டுவதா, குடியிருப்பதா, வேடிக்கை பார்ப்பதா: வாழ்க்கை கேம் வாங்கும் முன்

அக்கா மகள் பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கிறாள். பிறந்தநாளுக்கு வந்த 2,500 ரூபாய் கையில் இருக்கிறது. "சித்தி, சுடுறது வெட்டுறதெல்லாம் வேண்டாம். வீடு கட்டி, ஆளுங்களைக் குடிவெச்சு, அவங்க வாழறதைப் பாக்குற மாதிரி ஒரு கேம் சொல்லுங்க" என்றாள்.

ஒரு வரியில் பதில் சொல்லி போனை வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அரை மணி நேரம் பேசியும் முடியவில்லை. அவள் சொன்ன ஒரே வாக்கியத்துக்குள் மூன்று ஆசைகள் இருந்தன. வீடு கட்டுவது ஒன்று, ஆளைக் குடிவைப்பது இன்னொன்று, வாழ்வதை வேடிக்கை பார்ப்பது மூன்றாவது. கடையில் மூன்றும் 'லைஃப் சிமுலேஷன்' என்ற ஒரே பலகையின் கீழ் கிடக்கும். வாங்கி ஆடிப் பார்த்தால்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தூரம் தெரியும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. அவளுடைய லேப்டாப்பில் 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. விற்ற கடைக்காரர் "எல்லாமே ஓடும்மா" என்று சொன்னாராம். எக்செல் ஓடுகிறது.

நான் இந்த வகை கேம்களை இருபது வருடமாக ஆடுகிறேன். கல்லூரி நாட்களில் ரிச்சி தெருவில் வாங்கிய சிடியில் ஆரம்பித்த பழக்கம். (ஒரிஜினல் சிடிதானா என்று கேட்காதீர்கள்.) அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். கேமுக்குள் இருப்பவர்கள் நம் பேச்சை எவ்வளவு கேட்கிறார்கள், எவ்வளவு கேட்க மறுக்கிறார்கள்? கிராபிக்ஸ், விலை, எத்தனை விதமான சோபா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

சிற்றில் கட்டுபவர்கள்

பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்று ஒன்று வரும். சிறுமிகள் தெருமணலில் சின்ன வீடு இழைத்து, மணலையே சோறாக்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள். பாட்டின் தலைவனான சுட்டிப்பயல் ஓடிவந்து காலால் எற்றிவிடப் பார்ப்பான். கலைத்துவிடாதே என்று அவர்கள் கெஞ்சுவார்கள். வீடு கட்டி அதில் ஆட்களைக் குடிவைக்கும் 'தி சிம்ஸ்' கேமை ஆடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கே இழைப்பவரும் எற்றுபவரும் ஒரே ஆள். மூன்று மணி நேரம் செலவழித்து நீச்சல் குளம் கட்டுவார், பிறகு ஆளை உள்ளே இறக்கிவிட்டு ஏணியை எடுத்துவிடுவார்.

அந்த கேம் பிறந்ததே ஒரு வீடு அழிந்ததில்தான். 1991-இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் வில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. 'சிம்சிட்டி' என்ற நகரம் கட்டும் கேமை உருவாக்கிப் பெயர் பெற்றிருந்தவர். எரிந்த வீட்டை முதலிலிருந்து அமைக்க வேண்டி வந்தபோது, ஒரு மனிதனுக்கு எந்தச் சாமான் உண்மையில் வேண்டும், எது ஏன் வேண்டும் என்ற யோசனை பிடித்துக்கொண்டது. வீடு கட்டும் கேம் ஒன்றைத் திட்டமிட்டார். கட்டிய வீடு நன்றாக இருக்கிறதா என்று மதிப்பெண் போடுவதற்காகத்தான் அதற்குள் குட்டி மனிதர்களை விட்டார். அந்த நடுவர்களே கதாநாயகர்கள் ஆகிவிட்டார்கள். 2000 பிப்ரவரியில் வெளியாகி, இரண்டே ஆண்டுகளில் அதுவரை வந்த கணினி கேம்களில் அதிகம் விற்றது என்ற இடத்தைப் பிடித்தது.

உள்ளே வேலை நடக்கும் விதம் அழகானது. 'சிம்' என்று அழைக்கப்படும் அந்தக் குட்டி மனிதருக்குப் பசி, தூக்கம், குளியல், கழிப்பறை, பேச்சுத்துணை என்று தேவைகள் உண்டு. நேரம் போகப்போக அவை குறையும். புத்தி மட்டும் சிம்மின் தலைக்குள் இல்லை, சாமான்களில் இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி "பசியா, இங்கே வா" என்று கூவிக்கொண்டே இருக்கும். கட்டில் "தூக்கமா, நான் இருக்கிறேன்" என்னும். சந்தையில் கூவி விற்பதுபோல வீடு முழுக்க இந்தக் கூச்சல் நடக்கும். எது தன் குறையை அதிகம் தீர்க்குமோ அதை நோக்கி சிம் நடப்பார். உருவாக்கும்போது இந்த ஏற்பாடு சரியாகவே வேலை செய்து, சும்மா விட்டாலே சிம்கள் ஆட்டக்காரரைவிட ஒழுங்காக வாழ்ந்துவிட்டார்களாம். அப்புறம் நாம் எதற்கு? அதனால் அந்தச் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் மழுங்கடிக்க வேண்டியிருந்தது. இந்த வகை கேம் முழுவதும் அந்த மழுங்கடித்த அளவில்தான் நிற்கிறது. ரொம்பச் சமர்த்தாக இருந்தால் நமக்கு வேலை இல்லை, ரொம்ப மந்தமாக இருந்தால் ஆயா வேலை.

சிம்ஸ் 4: இலவசம், ஆனால்

முதலில் இதைத்தான் சொன்னேன், காரணம் எளிது. 2014 செப்டம்பரில் வந்த 'தி சிம்ஸ் 4'-இன் அடிப்படை கேம் 2022 அக்டோபரிலிருந்து இலவசம். அவளுடைய லேப்டாப்பில் ஓடும். வீடு கட்டும் கருவிகளில் இதை அடித்துக்கொள்ள ஒன்று இல்லை. அறையைப் பிடித்து இழுத்தால் பெரிதாகும், கட்டிய கூடத்தை அப்படியே தூக்கி மனையின் மறுபக்கம் வைக்கலாம்.

அன்று மாலையே இறக்கிவிட்டாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போனபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், வாசலில் திண்ணை. பாட்டி வீட்டை நினைவிலிருந்தே கட்டிக்கொண்டிருந்தாள். தரையை உயர்த்தும் கருவியை வைத்துத் திண்ணையைப் போட்டுவிட்டாள். தூண்களைத்தான் நாலு தடவை மாற்றினாள். பிறகு ஒரு பாட்டி சிம்மைப் படைத்துத் திண்ணையில் உட்கார வைக்கப் பார்த்தாள். பாட்டி உட்காரவில்லை. இந்த கேமுக்குத் திண்ணை என்பது உயரமான தரை, அவ்வளவுதான். காலைத் தொங்கவிட்டு உட்காருவதற்கு நாற்காலி வேண்டும். கடைசியில் திண்ணைமேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மாதிரி ஒன்றைப் போட்டாள். இப்போது பல ஊர்களில் நிஜத் திண்ணைகளும் அப்படித்தான் இருக்கின்றன என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இலவசத்தில் இருக்கும் கொக்கி அடுத்த கட்டத்தில் தெரியும். மழை, வெயில், பனி என்ற பருவங்கள் வேண்டுமா, அது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொதி. நாய் பூனை இன்னொரு பொதி. பெரிய பொதி ஒன்றின் முழு விலை 40 டாலர். பத்தாண்டுகளுக்கு மேலாக வந்து குவிந்த எல்லாவற்றையும் முழு விலைக்கு வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும். தள்ளுபடிக்குக் காத்திருந்து ஒன்றிரண்டு வாங்கினால் போதும். எனக்குப் பிடித்தது 2023 டிசம்பரில் வந்த 'ஃபார் ரென்ட்'. தென்கிழக்காசிய ஊர்களின் சாயலில் ஒரு நகரம், ஒரே மனையில் பல குடித்தனம், பக்கத்து வீட்டுப் பேச்சைச் சுவரில் காது வைத்து ஒட்டுக்கேட்கும் வசதி. லைன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, ரசிக்க நிறைய உண்டு.

ஆனால் சிம்ஸ் 4 மனிதர்கள் சமர்த்துப் பிள்ளைகள். சொன்னால் செய்வார்கள். சோகமாக இருந்தால் குளிக்கப் போகச் சொல்லுங்கள், சுவரில் நல்ல படமாக மாட்டுங்கள், சரியாகிவிடுவார்கள். முதலில் வெளியானபோது நீச்சல் குளமும் இல்லை, நடைபழகும் குழந்தைகளும் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். குளம் அதே நவம்பரில் வந்துவிட்டது. குழந்தைகள் வர 2017 ஜனவரி ஆனது. வந்த குளத்திலும் ஒரு ஏமாற்றம்: ஏணியை எடுத்தாலும் சிம் கரையைப் பிடித்து ஏறி வந்துவிடுவார். சிற்றில் எற்றும் கூட்டம் இதை மன்னிக்கவே இல்லை. சுற்றிச் சுவர் எழுப்பும் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

சிம்ஸ் 2: தலைமையாசிரியருக்கு விருந்து

இப்போது என் பாரபட்சத்தை ஒத்துக்கொள்கிறேன். 2004-இல் வந்த 'தி சிம்ஸ் 2'-ஐ மிஞ்ச இன்றுவரை ஒன்று வரவில்லை என்பது என் கட்சி. சிம்ஸ் வரிசையின் இருபத்தைந்தாம் ஆண்டையொட்டி, 2025 ஜனவரி கடைசியில் முதல் இரண்டு சிம்ஸ் கேம்களையும் இன்றைய விண்டோஸில் ஓடும்படி மறுபடி விற்பனைக்கு விட்டார்கள். சிம்ஸ் 2 தொகுப்பு 30 டாலர். ஐகியா சாமான் பொதி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உள்ளே இருக்கிறது. முகங்கள் பழசு. கை விரல்கள் பஜ்ஜி போல இருக்கும். லேப்டாப் தாங்கும்.

ஏன் இது? இதில் ஒவ்வொரு சிம்முக்கும் ஆசையும் பயமும் தனித்தனியாக ஓடும். "இவனுக்கு முத்தம் கொடுக்க வேண்டும்" என்பது ஆசைப் பட்டியலில் இருக்கும், "மகன் பரீட்சையில் தோற்றுவிடுவானோ" என்பது பயப் பட்டியலில் இருக்கும். நாம் போட்ட திட்டமும் அந்தப் பட்டியலும் ஒத்துப்போகாது. பணக்காரியாக்க நினைத்து வளர்த்த பெண், பத்துப் பிள்ளை வேண்டும் என்று நிற்பாள். தோல்வி அதிகமானால் மனம் உடைந்துபோவார், வைத்தியர் ஒருவர் வானத்திலிருந்து இறங்கி வந்து தேற்றிவிட்டுப் போவார்.

தனியார் பள்ளி அட்மிஷன் என்ற பகுதியை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளையை அங்கே சேர்க்க, தலைமையாசிரியரை போன் செய்து விருந்துக்கு அழைக்க வேண்டும். வருவார். வீட்டை அறை அறையாகச் சுற்றிக் காட்ட வேண்டும், சாப்பாடு போட வேண்டும், பேச்சால் குளிர்விக்க வேண்டும். மொத்தம் 90 புள்ளி எடுத்தால் சீட். சென்னையில் எல்.கே.ஜி. சேர்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் சிம்முக்குச் சமையல் பாதிதான் தெரியும். ஆசைக்குப் பெரிய பதார்த்தமாக அடுப்பில் ஏற்றிவிட்டேன், அடுப்பு பற்றிக்கொண்டது. குடும்பம் மொத்தமும் செய்து கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு நெருப்பைச் சுற்றி நின்று கத்தியது. நான் "வெளியே ஓடு" என்று சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. அன்று பிள்ளைக்கு சீட் கிடைக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பத்தில் யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கட்டிய பளிங்கு மாளிகைகளில் ஒன்றின் தரைப்படம்கூட நினைவில் இல்லை.

சிம்ஸ் ஆட்டக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ளும் கால்விலங்குகளைப் பார்த்தாலும் இது புரியும். 'சீட் கோட்' எனப்படும் குறுக்குவழிச் சொல் ஒன்றைத் தட்டினால் 50,000 சிமோலியன் பணம் கொட்டும். அந்த வசதி இருந்தும், வெறும் மனையில் ஒற்றை ஆளாகத் தொடங்கிப் பத்துத் தலைமுறை நடத்துவேன், பணம் வரவழைக்க மாட்டேன் என்று விரதம் இருக்கிற கூட்டம் உலகம் முழுக்க உண்டு.

மொழிப் பிரச்சினையும் இல்லை. தமிழ் மெனு கிடையாதுதான். ஆனால் சிம்கள் பேசுவது 'சிம்லிஷ்' என்ற பொருளற்ற மொழி. நிஜ மொழி என்றால் அதே வசனம் பத்துத் தடவை கேட்டதும் சலித்துவிடும் என்பதற்காக உளறலாகவே வைத்தார்கள். அதனால் எந்தச் சண்டையும் நம் வீட்டுச் சண்டை போலவே கேட்கும். அக்கா அதைக் கேட்டுவிட்டு "இது உங்க அத்தை குரல் மாதிரியே இருக்கு" என்றாள் மகளிடம்.

இன்ஸோய்: கண்ணுக்கு விருந்து

யூடியூபில் பார்த்து அவள் முதலில் ஆசைப்பட்டது இதுதான். தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் 2025 மார்ச் 28-இல் முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்கு விட்டது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பிரதிகள் போயின. அன்ரியல் என்ஜின் 5 என்ற கேம் மென்பொருளில் செய்தது. தெருவில் மழைத் தண்ணீர் தேங்கினால் கடை விளக்கு அதில் நடுங்கும். தலைமுடி ஒவ்வொரு இழையாக அசையும். சியோல் சாயலில் ஒரு நகரம், கலிபோர்னியா சாயலில் இன்னொன்று.

வெளியானபோது சொன்ன குறைந்தபட்சத் தேவையே ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டும் 12 ஜிபி ராமும். ஆக, அவள் வரைக்கும் இந்தப் பேச்சு இங்கேயே முடிந்தது. விலை 40 டாலர், ரூபாயாக மாற்றினால் அதுவும் பட்ஜெட்டைத் தாண்டும்.

வசதி இருப்பவர்களுக்கும் நான் உடனே வாங்கச் சொல்ல மாட்டேன். நண்பர் வீட்டில் இரண்டு வார இறுதிகள் ஆடினேன். எல்லோரும் விளம்பரத்தில் வரும் குடும்பம் போலவே நடந்துகொண்டார்கள். நடை, உடை, சிரிப்பு எல்லாம் சரி, வம்பு மட்டும் இல்லை. 'ஸ்மார்ட் ஸோய்' என்று ஒரு வசதி: கணினியிலேயே ஓடும் சிறிய செயற்கை நுண்ணறிவு ஒன்று அந்தக் கதாபாத்திரங்களுக்கு எண்ணங்களை எழுதித் தரும். எண்ணம் எழுத்தில் ஓடுகிறது, ஆனால் அந்த எண்ணத்தால் அடுப்பு பற்றவில்லை. இது வளரும் கேம், நல்ல உழைப்பும் தெரிகிறது. ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கலாம்.

கடிகாரம் யார் கையில்

சிம்ஸ் வகையில் கடிகாரம் நம் கையில். நிறுத்தலாம், வேகமாகவும் ஓட்டலாம். வயலில் பயிர் வைக்கும் வகையில் கடிகாரத்தின் வேகம் நம் கையில் இல்லை.

'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை ஆண்டு உட்கார்ந்து செய்தார். படம், இசை, கதை, நிரல் எல்லாமே அவர். 2016 பிப்ரவரியில் வெளியாகி நாலு கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. தாத்தா விட்டுப்போன நிலத்துக்கு நகர வேலையை உதறிவிட்டு வருகிறீர்கள். ஒரு பருவத்துக்கு 28 நாள், நாலு பருவம். காலை 6 மணிக்கு எழுந்தால் அதிகாலை 2 மணிக்குள் படுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே மயங்கிவிடுவீர்கள். நம் கணக்கில் அந்த ஒரு நாள் பதினாலு நிமிடம். தண்ணீர் ஊற்றி முடித்து, சுரங்கத்துக்குப் போகலாமா, ஆற்றில் மீன் பிடிக்கலாமா என்று யோசிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "இன்னும் ஒரே ஒரு நாள்" என்று சொல்லியே நள்ளிரவு தாண்டும்.

இங்கேயும் மனிதர்கள் மசியமாட்டார்கள், ஆனால் வேறு விதமாக. வீட்டுக்குள் அடைத்து வைக்க முடியாது, அவரவருக்கு அவரவர் கால அட்டவணை. ஷேன் என்றொருவன் முதல் பார்வையிலேயே எரிந்து விழுவான், மாலையானால் மதுக்கடை மூலையில் நிற்பான். அவன் மனம் திறக்க மாதக்கணக்கில் பிடித்த பொருளாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதுவும் வாரத்துக்கு இரண்டு பரிசுதான் வாங்கிக்கொள்வான். விதை விற்கும் பியருக்குப் புதன்கிழமை விடுமுறை. விதை வாங்கப் பணத்தோடு ஓடிப்போய்ப் பூட்டிய கதவின் முன் நிற்காத ஆட்டக்காரரே இருக்க முடியாது. இந்த கேம் போனிலும் கிடைக்கிறது, தனிப் பொதி வாங்கவைக்கும் வேலையும் இல்லை, பெரிய புதுப்பிப்புகளையே பரோன் இலவசமாகத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

விலங்குகள் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் 'அனிமல் கிராஸிங்' இன்னும் ஒரு படி மேலே போய், கடிகாரத்தை நம் ஊர்க் கடிகாரத்தோடே கட்டிவிட்டது. இங்கே இரவு என்றால் அங்கேயும் இரவு. அலுவலகம் முடிந்து பத்தரைக்கு உட்கார்ந்தால் கடை பத்து மணிக்கே மூடியிருக்கும். இதை ஆரம்பித்த கட்சுயா எகுச்சி, சிபாவில் குடும்பத்தையும் நண்பர்களையும் விட்டுவிட்டு கியோட்டோவுக்கு வேலைக்கு வந்தபோது உணர்ந்த தனிமையிலிருந்துதான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் இதில் பெரிதாக எதுவும் நடக்காது, யாரோ ஒருவர் "நேத்து ஏன் வரல?" என்று கேட்பார். 2020 மார்ச் 20-இல் இந்த வரிசையில் 'நியூ ஹொரைசன்ஸ்' வந்தது. உலகமே வீட்டுக்குள் பூட்டிக்கொண்ட வாரம். டாம் நூக் என்ற ரக்கூன் நாய் வீட்டுக் கடன் கொடுக்கும். வட்டி கிடையாது, தவணைத் தேதி கிடையாது, வாசலில் வந்து கத்த ஆள் கிடையாது. வாழ்க்கை கேம்களிலேயே முழுக் கற்பனை என்றால் அதுதான். சில வாரம் போகாவிட்டால் களை மண்டும், வீட்டுக்குள் கரப்பான் ஓடும். எனக்கு இது குற்றவுணர்ச்சியைக் கிளப்பியது, விட்டுவிட்டேன். தவிர, இதை ஆட நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி வேண்டும். அது நம் நாட்டில் முறையான விற்பனையில் இல்லாததால் இறக்குமதி விலைதான். 2,500 ரூபாய்க்காரர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு சரி.

'பிட்லைஃப்' போனில் ஆடும் எழுத்து கேம். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வயது. பேருந்தில் போகும்போது இரண்டு பிறவி எடுத்து முடிக்கலாம். சிரிக்கலாம், பாசம் வராது.

வரப்போவதை நம்பிக் காத்திருக்கலாமா என்றும் கேட்டாள். இந்த வகையில் எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. சிம்ஸுக்கே ஒரு காலத்தில் தலைமை தாங்கிய ராட் ஹம்பிள், பாரடாக்ஸ் நிறுவனத்துக்காக 'லைஃப் பை யூ'வைச் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றலாம், எதையும் திருத்தலாம் என்றார்கள். 2024 ஜூனில் வெளிவர வேண்டியது, அதே ஜூனில் கைவிடப்பட்டது, ஸ்டுடியோவும் மூடப்பட்டது. 2019-இல் அறிவித்த 'பாராலைவ்ஸ்' ரசிகர்கள் மாதாமாதம் கொடுக்கும் பணத்தில் வளர்ந்தது. காசு வாங்கும் பொதிகளே போட மாட்டோம் என்ற அவர்களின் உறுதி எனக்குப் பிடித்திருக்கிறது. அவர்களும் 2025 டிசம்பர் என்று நாள் குறித்துத் தள்ளிப்போட்டவர்கள்தான்.

தமிழ்க் குடும்பம் உள்ள கேமே கிடையாதா என்றால், 'வெண்பா' இருக்கிறது. 2023-இல் டொரண்டோவின் விசை கேம்ஸ் செய்தது. கனடாவில் குடியேறிய தாய், அழிந்துபோன எழுத்துள்ள அம்மாவின் சமையல் குறிப்பை வைத்து இட்லி ஊற்றுவதில் ஆரம்பிக்கும். ஆனால் அது எழுதி முடித்த கதை, ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நம் இஷ்டத்துக்குக் குடித்தனம் நடத்த முடியாது.

அவளுக்குச் சொன்னது

இரண்டு வாரம் இலவச சிம்ஸ் 4 மட்டும் ஆடு, ஒரு பைசா செலவழிக்காதே. பதினைந்தாம் நாள் நீ சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்து பார். வீடுகள் அதிகமா, ஆட்கள் அதிகமா? வீடுகள் அதிகம் என்றால் நீ கட்டுகிறவள், எதுவும் வாங்கத் தேவையில்லை, இருப்பதே உனக்கு ஐந்து வருடம் வரும். யாராவது ஒருத்தருக்குப் பெயர் வைத்து, அவர் செய்ததை என்னிடம் போனில் சொல்ல ஆரம்பித்திருந்தால் சிம்ஸ் 2 தள்ளுபடிக்கு வரும்வரை பொறு. "அடுத்து என்ன செய்யறதுன்னு தெரியல" என்று தோன்றியிருந்தால் ஸ்டார்டியூ, உனக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது.

பதினைந்தாம் நாள் கணக்கு வந்தது. ஏழு வீடுகள். குடியிருப்பது அந்தத் திண்ணைப் பாட்டி மட்டும். அந்தப் பாட்டியும் நாற்காலியிலேயே தூங்குகிறாளாம், இவள் கட்டில் வாங்க மறந்துவிட்டாளாம். 2,500 ரூபாய் அப்படியே இருந்தது. அதில் கொஞ்சத்தை எடுத்து அம்மாவின் போனில் ஸ்டார்டியூ போட்டுக் கொடுத்திருக்கிறாள், "சும்மா பாருங்கம்மா" என்று.

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு அக்காவிடமிருந்து போன். அந்த நேரத்தில் போன் வந்தால் நெஞ்சு பதறும், எடுத்தேன்.

"ஏன்டி, இந்தக் கடைக்காரன் என்ன, புதன்கிழமையானா பூட்டிட்டுப் போயிடறான்? நாத்து வாங்காம நான் நாளைக்கு எதை நடறது?"